கேட்பதற்கு இரண்டு சொல்

ஸ்பெயினில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதற்காக, கித்தேரி சிஸ்டர் தெக்லாவிடம் ஸ்பானிஷ் படித்தாள். சிஸ்டர் அவளைவிட வயதில் சின்னவர். பல வருஷம் அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்து, கடற்கரைக் குடிசையில் ஜெபமும் தானுமாக இருந்தார்.

அன்றைக்கு விடிந்தும் பனி விலகவில்லை. கடல் எது, கரை எது என்று தெரியவில்லை. பனி மூடினால் கரையில் ஒரு பெண் தகரம் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் வள்ளங்கள் கரை சேரும். அன்று கித்தேரியின் முறை. அவள் தம்பி சவரியும் கடலில்தான் இருந்தான்.

தட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் கேட்டாள்.

"சிஸ்டர், ஸ்பானிஷ்ல ஒயிர்னாலும் கேக்கறது, எஸ்குச்சார்னாலும் கேக்கறது. எதை எப்பச் சொல்லணும்? தலை சுத்துது."

"சுத்தட்டும்க்கா. கை நிக்காம பாத்துக்கங்க."

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ... கித்தேரீ..."

போன வருஷம் வள்ளம் மட்டும் தனியாகத் திரும்பி வந்ததே, அதில் போன அவள் புருஷன் குரல். சோறு கேட்கும்போது இழுப்பானே, அதே இழுப்பு.

அவள் கை நின்றது. தகரம் அதிர்ந்தால் குரல் தெளிவாக விழாதே. தலையைச் சாய்த்தாள்.

"இன்னொருக்கா கூப்பிடுங்க."

கூப்பிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி. கால் தண்ணீரில் இறங்கியது அவளுக்கே தெரியாது. முழங்காலுக்கு வந்துவிட்டது.

பின்னால் தகரம் அலறியது. கீழே கிடந்த கம்பை எடுத்துச் சிஸ்டர் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சிஸ்டர்! அவுக கூப்பிடுறாக!"

"சவரி எந்தப் பக்கம் இருக்கான்?"

தம்பி நினைப்பே கித்தேரிக்கு இல்லாமல் போயிருந்தது.

பாறைப் பக்கம் ஒரு மோட்டார் இரைந்தது. தயங்கியது. பிறகு தகரச் சத்தத்தை நோக்கித் திரும்பியது. வள்ளம் மணலில் ஏறியதும் சவரி குதித்தான்.

"ஏக்கா, செத்தா போயிட்ட? சத்தத்தையே காணோம்! பாறையில ஏத்தியிருப்பேன்!"

கித்தேரி சேலை சொட்டச் சொட்டக் கரையேறி வந்தாள். இன்னும் வள்ளங்கள் வர வேண்டியிருந்தன. சிஸ்டர் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சிஸ்டர்," குரலைத் தாழ்த்தினாள், "உங்களுக்கு அது கேக்கலையா?"

"ஒயிர்னா காதுல விழுறது. விழுந்துச்சே. எஸ்குச்சார்னா காது குடுக்குறது. நான் குடுக்கல."

"அவுக குரல்தானே?"

சிஸ்டரின் கை நிற்கவில்லை.

"என்னைய 'தெக்லா'ன்னுல்லா கூப்பிட்டுச்சு."