ஒரு பணத்துக்கு விலைபோன நாள்

சலங். சலங். சலங்.

முதலில் சத்தம்தான் வரும். ஆள் தெரியாது, குதிரை தெரியாது. ஆலம்பட்டினத்துக் கடைத்தெருவில் அந்தச் சத்தம் கேட்டதும் காய்க்காரர் கூடையை இழுப்பார், பூக்காரி காலை மடக்குவாள், படுத்திருந்த நாய்கூட எழுந்து ஓரம் போகும். அப்புறம்தான் புழுதி. புழுதிக்குள் ரத்தின வியாபாரி அம்பலவாணரின் இரட்டைக் குதிரை வண்டி.

இது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். மீசை இல்லாத ஆளை ராஜா என்று யாரும் நம்பாத காலம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த ஊர் ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். கடைத்தெருவில் குதிரையோ மாடோ கழுதையோ ஓட்டமாய்ப் போனால், உடையவருக்குத் தண்டம் பத்துப் பணம். யாராயிருந்தாலும் பத்து. "பார்த்தீர்களா, என் ஊரில் எல்லோரும் சமம்!" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தத் தெருவில் செவந்தி என்று ஓர் உப்புக்காரி. அவளுக்கு ஒரு கழுதை. செல்லமாக 'ராசா' என்று கூப்பிடுவாள். பொழுதெல்லாம் கூவி விற்றால் ஒரு பணம் கிடைக்கும். அதில் அவளும் சாப்பிட வேண்டும், ராசாவும் சாப்பிட வேண்டும்.

ஒரு நாள் சலங் சலங் என்று வண்டி வந்தது. ராசா மிரண்டு ஓடியது. காவலன் இரண்டு பேரையும் நிறுத்தினான். அம்பலவாணர் இருபது பணத்தை விட்டெறிந்தார். "திரும்பி வர்றப்பவும் இப்படித்தான் வருவேன். அதுக்கும் சேர்த்து வச்சுக்கப்பா!" செவந்தி கால் தண்டையை விற்றுக் கட்டினாள்.

இன்னொரு நாளும் வண்டி வந்தது, ராசா ஓடியது. செவந்தி பித்தளைக் குடத்தை விற்றுக் கட்டினாள்.

மூன்றாம் தடவை விற்க ஒன்றுமில்லை. காவலன் கழுதையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

செவந்தி நேரே அரண்மனைக்கு ஓடினாள். "ராசா! என் ராசாவைக் கட்டிப்போட்டுட்டாங்க, ராசா!"

ராஜா தம் கையையும் காலையும் பார்த்துக்கொண்டார். "நான் இங்கேதானே அம்மா இருக்கிறேன்?"

"நீங்க இல்லீங்க. இது நாலு கால் ராசா. யார் வயித்துலயும் அடிக்காது."

சபை சிரிப்பை விழுங்கியது. ராஜா விழுங்கவில்லை, சிரித்தே விட்டார். பிறகு கேட்டார்: "எல்லோருக்கும் பத்துதானே வாங்குகிறோம்?"

"ஆமாங்க. அவருக்கு அது வெத்தலைச் செலவு. எனக்குப் பத்து நாள் கஞ்சி."

ராஜாவின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது. "சரி. இனிமேல் தண்டம் ஒரு நாள். ஓட்டமாய்ப் போனவர் தம் ஒரு நாள் வருமானத்தைக் கட்டட்டும். இன்றைக்குப் பிடிபட்டவர்களிலிருந்தே ஆரம்பம்."

அம்பலவாணரை அழைத்து வந்தார்கள். "உமக்கு ஒரு நாள் வருமானம் எவ்வளவு?"

அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "வியாபாரம் படுத்துப்போச்சு மகாராஜா. ஒரு பணம் கிடைச்சாலே பெரிசு."

செவந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு பணம் இருந்தது. "இது என் தண்டம்" என்று ஒன்றை வைத்தாள். மற்றதை அம்பலவாணரிடம் நீட்டினாள். "இந்தாங்கய்யா. உங்க நாள் ஒரு பணம்தானே? நாளைக்கு ஒரு நாளை எனக்குக் குடுத்துடுங்க. ராசாவைப் பிடிச்சுக்கிட்டு உப்பு விக்க ஆள் வேணும்."

"விலை சொன்னது நீர். கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்றார் ராஜா. சொன்ன பொய்யை விழுங்க முடியாமல் வியாபாரி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார். ராசாவை அவிழ்த்துச் செவந்தியிடம் விட்டார்கள்.

மறுநாள் வெறுங்காலோடு அம்பலவாணர் கழுதைக்கு முன்னால் நடந்தார். "உப்போய்… உப்பு!" என்று கூவினார். குரல் வரவில்லை. "இன்னும் சத்தமா, அய்யா! ராசாவே உங்களைவிட நல்லாக் கத்தும்" என்றாள் செவந்தி.

அப்போதுதான் கேட்டது. சலங். சலங். சலங்.

அவருடைய வண்டிதான். எப்போதும் அவர் சொன்ன வேகத்தில்தான் வண்டிக்காரன் ஓட்டி வந்தான். ராசா ஒரு பக்கம் பாய்ந்தது, மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, அம்பலவாணர் தெருவோர வாய்க்காலில் விழுந்தார். தலையெல்லாம் உப்பாக எழுந்து நின்று கத்தினார்: "அடேய்! கண்ணு தெரியலையா? மனுஷன் நடக்கிற தெருடா இது!"

தெரு முழுக்கச் சிரித்தது. அதற்குள் அவர் விலையைக் கேள்விப்பட்ட பூக்காரி ஒரு பணத்தோடு வந்தாள்: "நாளைக்கு எனக்கு வாங்கய்யா." வண்ணான் வந்தார்: "மறுநாள் எனக்கு. நாலு மூட்டை துணி கிடக்கு." மீன்காரரும் வந்தார்.

அம்பலவாணருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே ஈரத்தோடு அரண்மனைக்குப் போனார். "என் நாள் முந்நூறு பணம், மகாராஜா. நேற்றைய ஓட்டத்துக்கு ஒரு முந்நூறு, இன்றைய ஓட்டத்துக்கு ஒரு முந்நூறு." இந்தத் தடவை விட்டெறியவில்லை, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கொட்டிய உப்புக்கும் விலை கொடுத்தார்.

தண்டனை ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு உறைத்தால்தான் அது நீதி.

அடுத்த நாள் காலையில் சலங்… சலங்… என்று வண்டி மெல்லப் போயிற்று. ராசா காதைக்கூட அசைக்கவில்லை. செவந்தி சாக்கின் வாயைப் பிரித்தாள், உழக்கை எடுத்தாள், தலை தட்டி மட்டமாக உப்பை அளக்க ஆரம்பித்தாள்.