இயந்திரத் துப்பாக்கியும் தலைப்பாகைகளும்

கருமலைச் சீமைக்கு இயந்திரத் துப்பாக்கி வந்து இறங்கிய அன்று தளபதி மாறப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கு வாள் சொல்லிக்கொடுத்த சடையாண்டி ஆசானின் களத்துக்கே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

“ஆசானே, வெளியே வாங்க! இனிமே வாளுக்கு மாலை போட்டுச் சுவத்துல மாட்டிட வேண்டியதுதான்!”

“அப்படி என்னப்பா அதிசயம்?”

“விசையை அழுத்திப் பிடிச்சாப் போதும், குண்டு மழையாக் கொட்டும். நாளைக் காலையில மேலமலைக்காரங்க கணவாய்க்கு வரட்டும், வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள போர் முடிஞ்சிடும். இது கையில இருக்க, நாம தோக்குற போர்னு ஒண்ணு உண்டா, சொல்லுங்க!”

“அவங்களோட உன் தங்கச்சி வீட்டுக்காரரும் வருவாரே?”

“மாப்பிள்ளை மேல படாமப் பார்த்துக்குவேன் ஆசானே!”

ஆசான் மாணவர்களைக் கூப்பிட்டார். களத்தில் நின்ற வைக்கோல் பொம்மைகளுக்கு அவர்களின் தலைப்பாகைகளை வாங்கிக் கட்டினார். கடைசிப் பொம்மைக்கு மாறப்பனுடையதையே அவிழ்த்துக் கட்டினார்.

“சுடு, பார்ப்போம்.”

அடேயப்பா! காது அடைத்துப்போயிற்று. தூசி அடங்கியபோது ஒரு பொம்மைகூட நிற்கவில்லை. கூடியிருந்தவர்கள் சீட்டியடித்தார்கள். மாறப்பன், நரைத்த மீசையோடு, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். பொய் சொல்வானேன், ஆசானே ஒரு கணம் வாயைப் பிளந்துவிட்டார்.

கருமலை, மேலமலை இரண்டு சீமைக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. போரில் ஒருவனைக் கொன்றவன், செத்தவனின் தலைப்பாகையைத் தானே கொண்டுபோய் அவன் வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்து, ‘நான்தான் கொன்றேன்’ என்று சொல்ல வேண்டும். அப்படி வந்தவனை யாரும் தொட மாட்டார்கள். ஆனாலும் அந்த வாசலுக்குப் பயந்தே ஓங்கிய வாளை இறக்கியவர்கள் உண்டு. மாறப்பன் ஒருமுறை போயிருக்கிறான். திரும்பி வந்தவனுக்கு வெகுநாள் சோறு இறங்கவில்லை.

ஆசான் கிழிசல்களையெல்லாம் அள்ளி வந்து அவன் முன்னால் போட்டார்.

“உன்னுடையதை எடுத்துக்கோ.”

மாறப்பன் சிரித்துக்கொண்டே குனிந்தான். புரட்டினான். மறுபடி புரட்டினான். எல்லாமே விரலகலக் கந்தல். சிரிப்பு போய்விட்டது.

“எது எதுன்னே தெரியலையே ஆசானே...”

“உன் தலையில நீயே கட்டினதுப்பா, நல்லாப் பாரு.”

மாறப்பனின் கை தன் வெறுந்தலையைத் தடவிப் பார்த்தது.

ஆசான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு உன் தங்கச்சி கையில எதைக் கொடுப்பே?”