தவசியின் மூச்சுச் சோதனை

கம்பத்தில் இருபத்திரண்டு வருடம் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய டாக்டர் அருளப்பன், ஐம்பதைத் தாண்டிய பிறகு, வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி கற்க மதுரைக்கு வந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் மெஹருன்னிசா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். வந்த நாள்முதல் அருளப்பனுக்கு ஒரே கேள்விதான்.

"எப்ப மேடம் நான் தனியா குழாய் விடலாம்?"

"பார்க்கலாம், டாக்டர்."

எட்டு மாதமாக மெஹருன்னிசா பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அருளப்பனின் பொறுப்பில் தவசி என்றொரு பரோட்டா மாஸ்டர் இருந்தார். அவருடைய அண்ணன் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். தவசியின் இரைப்பையிலும் புண் இருந்தது, புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தது. விட்டுவைத்தால் சிலரை அது புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். அருளப்பன் பதினான்கு நாள் மருந்து கொடுத்தார். ஒன்றரை மாதம் கழித்து மூச்சுச் சோதனை செய்தார். கிருமி இல்லை என்று சீட்டு வந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வராது என்றே தவசியிடம் சொல்லிவிட்டார். தவசி வார்டு முழுவதற்கும் பரோட்டாவும் சால்னாவும் கொண்டுவந்து இறக்கினார். அது வயிற்று நோயாளிகளின் வார்டு என்பது இருவருக்குமே நினைவில்லை.

மெஹருன்னிசா சீட்டைப் பார்த்தார். தவசியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில என்ன மாத்திரை போட்டீங்க?"

தவசி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வலி எட்டிப் பார்க்கக் கூடாது என்று அருளப்பனே கரிசனமாக எழுதிக் கொடுத்தது.

அருளப்பன் முகம் சுண்டிப்போயிற்று. அந்த மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தாமல் சோதித்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், சீட்டை நம்ப முடியாது. அடிக்கோடு போட்டுப் படித்த பாடம்தான்.

மெஹருன்னிசா சீட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நிறுத்தச் சொன்னேனே, கேட்டாயா என்று பழியை நோயாளியின் தலையில் கட்டிவிடலாம். ஊரில் அப்படிக் கட்டியதும் உண்டு. அருளப்பன் தவசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது தவசி. நான் சொன்னதை நம்பாதீங்க. மறுபடி பார்க்கணும்."

தவசி சால்னா தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. அருளப்பனே போன் போட்டு அதைச் சொன்னார்.

மாற்று மருந்து வாங்கத் தவசி வந்தபோது கூடவே அக்காவும் வந்திருந்தார். அவருக்கும் நாள்பட்ட வயிற்றுவலி, உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். மேடம் பார்ப்பார் என்றார் அருளப்பன்.

தவசி தலையாட்டி மறுத்தார். "நீங்களே பாருங்க சார். இருக்குன்னா இருக்குன்னு சொல்ல உங்களுக்கு வாய் வருது."

அருளப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை. மெஹருன்னிசா பக்கம் திரும்பினார். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூட இருப்பீங்கல்ல, மேடம்?"

"இல்ல டாக்டர். தவசிக்குத் துணையா நான் வெளியில உட்கார்ந்திருக்கேன். முடிச்சுட்டு வந்து எங்க ரெண்டு பேருக்கும் சொல்லுங்க."