மேல்காற்றுப் பக்கத்து எட்டு வரிசை

கதையைச் சொல்லிவிடுகிறேன்; தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில், லுவார் ஆற்றங்கரைச் சரிவில் மொர்வியேர் என்றொரு திராட்சைத் தோட்டம். முந்நூறு ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது. அங்கே உழுவது குதிரை. பறிப்பது மனிதக் கை. சாறு நொதிப்பது பழத்தோலில் தானாக வாழும் நுண்ணுயிரால். இரசாயன மருந்து ஒரு துளியும் இந்த மண்ணில் விழாது என்பது அந்தக் குடும்பத்தின் வாக்கு. ஆண்டுதோறும் சோதனையாளர்கள் வந்து இலையையும் மண்ணையும் ஆராய்ந்து முத்திரை கொடுப்பார்கள். சொந்தக்காரி மதாம் ஓதீல் அந்த முத்திரையைக் காட்டும்போது அரை அங்குலம் உயர்ந்து நிற்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து சாறு ஒயினானதும் முதல் பீப்பாயில் ஒருவர் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். அதிகம் உழைத்தவர் பெயர் அல்ல. 'மண்ணின் வாக்கைக் காத்தவர்' பெயர். பிறகு அதை நிலவறைச் சுவரில் கல்லில் செதுக்கிவிடுவார்கள்.

ஓர் ஆண்டு மே மாதம் தொடங்கிய மழை ஐந்து வாரம் விடவில்லை. இலைகளின் அடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் எல்லாம் மருந்து அடித்தார்கள். "ஒரே ஒருமுறை அடித்தால் என்ன?" என்று ஓதீலிடம் கேட்டவர்கள் பலர். அவள் தூங்கவில்லை, ஆனால் அடிக்கவும் இல்லை.

மூலிகை வேலை பார்க்கும் ஜெர்மேன் காஞ்சொறியையும் குதிரைவால் புல்லையும் பறித்துவந்து நாள் தவறாமல் கஷாயம் காய்ச்சினாள். கை இரண்டும் கொப்பளித்தன. சேற்றில் டிராக்டர் இறங்க முடியாத சரிவில், உழவன் லூசியன் தன் குதிரையின் முதுகில் அந்தக் கஷாயத்தை ஏற்றிக்கொண்டுபோய்க் கொடி கொடியாகத் தெளித்தான். விளைச்சலில் பாதி பிழைத்தது. சோதனையாளர்கள் எல்லையோரத்து இலைகளைக்கூடப் பார்த்தார்கள். மருந்தின் சுவடே இல்லை. முத்திரை கிடைத்தது.

பீப்பாய் முன்னால் சண்டை தொடங்கியது.

"குதிரை ஏறியிருக்காவிட்டால் உன் கஷாயம் அடுப்படியிலேயே ஆறிப்போயிருக்கும்," என்றான் லூசியன்.

"கஷாயம் இல்லாவிட்டால் உன் குதிரை மழைத்தண்ணீரையா சுமந்திருக்கும்?" என்றாள் ஜெர்மேன்.

ஓதீலால் முடிவுசெய்ய முடியவில்லை. யோசித்தபடியே மேற்கு எல்லைச் சுவர்வரை நடந்தாள். சுவருக்கு அப்பால் கஸ்பாரின் தோட்டம். மருந்து அடித்து வளர்ப்பவர். இரண்டு தலைமுறையாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவருடைய கொடிகள் செழித்து நின்றன. சுவரை ஒட்டிய எட்டு வரிசை மட்டும் கருகிக் கிடந்தது. ஒரு குலைகூட இல்லை.

தற்செயலாக அங்கே கஸ்பாரே நின்றார். ஓதீல் கேட்டேவிட்டாள்: "இதற்கு மட்டும் ஏன் மருந்து அடிக்கவில்லை, மெசியே?"

"மேல்காற்று, மதாம். இங்கே அடித்தால் உங்கள் இலையில் விழும்."

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

"சொன்னால் நீங்கள் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். நம் இரு வீட்டுக்கும் அந்தப் பழக்கம் இல்லையே."

திரும்பிவந்து ஓதீல் இதைச் சொன்னதும் ஜெர்மேன் வெடித்தாள்: "நாங்கள் ஐந்து வாரம் வெந்தோம், நனைந்தோம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தவருக்கா பெயர்?"

சொல்லுங்கள்: கஷாயம் காய்ச்சியவள், அதைச் சுமந்து தெளித்தவன், சும்மா இருந்தவர். இவர்களில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: ஓதீல் எழுதியது கஸ்பாரின் பெயரை. மற்ற இருவரும் பழத்தைக் காத்தார்கள். அதற்கான பாராட்டு அவர்களுடையதே. ஆனால் பழம் அத்தனையும் அழுகியிருந்தாலும் வாக்கு உடைந்திருக்காது. மேல்காற்றில் நாலு துளி மருந்து வந்து விழுந்திருந்தால் உடைந்திருக்கும். அது கஸ்பார் கொடுத்த வாக்கும் அல்ல, அவருடைய மண்ணும் அல்ல. இருந்தும் எட்டு வரிசையை இழந்து அதைக் காத்தவர் கஸ்பார். இதைக் கேட்ட ஜெர்மேன் தானே போய் அவரை அழைத்துவந்து முதல் கிண்ணத்தை நீட்டினாள். கஸ்பார் குடித்தார், வாயிலேயே சற்று நிறுத்தினார், விழுங்கினார். "என் ஒயின் இப்படி இருக்காது, மதாம்," என்றார். முத்திரைகள் எத்தனையோ பார்த்த ஓதீல், அன்றுதான் முழு அங்குலம் உயர்ந்து நின்றாள்.