எட்டே கால் மணிக்கு எடுத்த படம்

தணிகாசலத்துக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. கையில் கேமரா வந்தபின் அது இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு கடைவாசலைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருவில் ஏதோ தவறிப்போகிறது என்று தோன்றும். பாதியில் விட்டுவிட்டு அங்கே ஓடுவார். அங்கே போனால் ரயில் சத்தம் கேட்கும். உடனே ஸ்டேஷனுக்கு ஓடுவார்.

வயது ஐம்பத்தாறு. இருபத்தொன்பது வருடம் கட்டட என்ஜினீயராக இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். தூண், வளைவு, படிக்கட்டு, இரும்புக் கூரை எதைக் கண்டாலும் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற மறுமாதமே பிலோமினாவிடம் போய்ச் சேர்ந்தார். நகரத்தின் கடைவீதிகளையும் ரயில் நிலையங்களையும் பதினைந்து வருடமாகப் படமெடுத்துவரும் பிலோமினா அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார்.

பாடம் என்று தனியாக எதுவும் கிடையாது. பிலோமினா நடப்பார், கூட நடக்கலாம். கேள்வி கேட்கலாம். பதில் வரும் என்பது நிச்சயமில்லை.

பழைய ரயில் நிலையத்தையும் கடைவீதியையும் ஒரு நடைமேம்பாலம் இணைத்தது. படியேறும்போது பாதியில் ஒரு சிறு தளம் வரும். மேலே வளைந்த இரும்புச் சட்டங்களுக்குள் கண்ணாடி பதித்திருந்தார்கள். காலை வெயில் அதன் வழியே நேராகத் தளத்தில் இறங்கும். வெயில் விழும் அந்த இடத்தில் அஞ்சலை ஒரு நீல விரிப்பைப் போட்டு கர்ச்சீப், சேஃப்டி பின், சீப்பு, தலைக்கிளிப் விற்றுக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக அதே இடம்.

ஒருநாள் எட்டே கால் மணி வண்டி வந்து நின்றது. கூட்டம் படியில் பொங்கி ஏறியது. மேல்படியில் காத்திருந்த தணிகாசலம் அழுத்தினார்.

படம் அருமையாக அமைந்துவிட்டது. மேலே கண்ணாடி வளைவு, கீழே நூறு தலைகள், நடுவில் வெயிலில் அசையாமல் ஒரு பெண். கூட்டம் அவரிடம் வந்து இரண்டாகப் பிரிந்து போனது. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கத்துக்குப் போட்டார்கள். கீழே என்ன எழுத என்று கேட்டதற்கு, "நெரிசல்னு போடுங்க" என்றார் தணிகாசலம்.

வியாழக்கிழமை பாலத்துக்குப் போனபோது தளம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு: இங்கே வியாபாரம் செய்யக் கூடாது.

படிக்குக் கீழே பழம் விற்றவர் சொன்னார்.

"பேப்பர்ல போட்டோ வந்துச்சாம் சார். அதை யாரோ வெட்டி ரயில்வே ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க. நேத்து ஆளுங்க வந்து அந்தம்மாவை விரிப்போட கிளப்பி விட்டுட்டாங்க."

அன்று முழுக்க தணிகாசலம் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்தபடியே இருந்தார். மறுநாள் பாத்திரக்கடைத் தெருவில் பிலோமினாவைப் பிடித்தார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"நான் பொய்யா எதையும் எடுக்கலையே மேடம்? அங்க இருந்ததைத்தானே எடுத்தேன்?"

பிலோமினா லென்ஸை மூடினார்.

"நாளைக்கு ஏழு மணிக்குப் பாலத்துக்கு வாங்க. கேமரா வேண்டாம்."

மறுநாள் காலை அந்தத் தளத்தைக் காட்டினார். "உக்காருங்க."

"இங்கயா?"

"அவங்க இருந்த இடத்துல."

தணிகாசலம் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். பிலோமினா கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கீழே உட்கார்ந்ததும் கண்ணாடி வளைவு கண்ணைவிட்டே போனது. முழங்கால்களும் பைகளும்தான் தெரிந்தன. ஏழு நாற்பதுக்கு ஒரு வண்டி வந்தது. செருப்புகள் அவர் மடிமேல் ஏறுவதுபோல் வந்தன. கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு யாரும் வரவில்லை. ஒரு புறா தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து திரும்பியது. தணிகாசலத்தின் கால்கள் துடித்தன. எழுந்தார். பிலோமினா உட்காரும்படி கைகாட்டினார். உட்கார்ந்தார்.

நர்ஸ் உடையில் ஒரு பெண் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"இங்க ஒரு அக்கா இருப்பாங்களே, இன்னிக்கு வரலையா? வார் அறுந்துபோச்சு. ஒரு பின் வேணும்."

"வரல" என்றார் தணிகாசலம். அந்தப் பெண் வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

அடுத்து வெள்ளைக் கோல் ஒன்று படியைத் தட்டியபடி வந்து அவர் முழங்காலருகே நின்றது.

"அக்கா, எட்டே கால் இன்னிக்கு எந்த பிளாட்பாரம்?"

தணிகாசலத்துக்குத் தெரியவில்லை.

"அக்கா?"

"நான் வேற ஆளுங்க."

"அவங்க எங்க?"

"நில்லுங்க, பார்த்துட்டு வந்துடறேன்" என்று தணிகாசலம் இறங்கி ஓடினார். பலகையில் மூன்றாம் எண் போட்டிருந்தது. திரும்பி மூச்சு வாங்க ஏறும்போது வண்டி வந்து கூட்டம் எதிரே இறங்கியது, பின்னாலும் ஏறியது. தளத்துக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளைக் கோல்காரர் அங்கே இல்லை.

தணிகாசலம் பிலோமினாவிடம் போனார்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க தேடினீங்களா?"

அவர் தேடியிருக்கவில்லை.

மூன்று நாள் அலைந்தார். பார்சல் கிடங்கின் பின்சுவரோரம், லாரிகள் மட்டுமே போய்வரும் சந்தில், அதே நீல விரிப்பைக் கண்டார். வாங்க ஆளே இல்லை. அஞ்சலை சீப்புகளின் தூசியைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் எடுத்தது நான்தாம்மா."

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் மேல நின்னுட்டிருந்தீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"வண்டி வர்ற வரைக்கும் படியில யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப எடுத்திருக்கலாமே?"

"காலியா இருந்தா படம்..."

அஞ்சலை அடுத்த சீப்பை எடுத்துத் துடைத்தார்.

தணிகாசலம் மறுநாளே பாலத்துக்குப் போனார். காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம். வேறெங்கும் ஓடவில்லை. ஓடத் தோன்றியபோதெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆறு நாள் அப்படி எடுத்தார். ஒவ்வொன்றின் கீழும் நேரத்தை எழுதினார். அஞ்சலை அவரையே ஒரு மனு எழுதச் சொல்லி, அதில் தன் கையெழுத்தைப் போட்டார். இருவருமாக ஆபீசுக்குப் போனார்கள்.

அதிகாரி படங்களைப் புரட்டினார்.

"ஆள் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்தீங்களா?"

"இல்ல சார். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. கூட்டம் இருக்கறதும் உள்ளே இருக்கு."

"பேப்பர்ல வந்தது யார் எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதையும் நீங்கதான் எடுத்தீங்க, இதையும் நீங்கதான் எடுத்தீங்க. நான் எதைய்யா நம்பறது?"

அஞ்சலைதான் பேசினார்.

"எதையும் நம்ப வேணாம் சார். ஒரு நாள் வந்து நின்னு பாருங்க."

அதிகாரி வந்தார். ஒரு மணி நேரம் நின்றார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. நடுத்தளத்தில் கூடாது, சுவரோரமாக ஒரு முழ அகலத்தில் இருக்கலாம். அஞ்சலை விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டார். தலைக்கிளிப்புகளுக்கு இடம் போதவில்லை. அவற்றை ஒரு கயிற்றில் கோத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டார்.

முதல் நாள் காலை பிலோமினாவும் வந்திருந்தார். ஒரு சீப்பு வாங்கிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தணிகாசலத்தின் வீட்டில் சொன்னார்கள். அவருக்கு மட்டும் முடியவில்லை. அந்த அதிகாரியின் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். வலக்கையில் எட்டே கால் மணிக் கூட்டம். இடக்கையில் ஒன்பது இருபதின் வெறுந்தளம். இரண்டையும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு தளத்தின் நடுவில் பிலோமினாவின் எதிரே நின்றார்.

"ரெண்டும் நான் எடுத்ததுதான் மேடம். எதையும் மாத்தல, ஒட்டல. ஆனா ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு இல்லைங்குது. இதுல எது உண்மை?"

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிலோமினா படங்களைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம். இது தெரியாம என்னால இன்னொரு படம் எடுக்க முடியாது."

"சார்," என்றார் பிலோமினா, "கொஞ்சம் ஓரமா வாங்க. பின்னாடி ஜனங்க நிக்கறாங்க."