புட்டியில் ஒரு புளியமுத்து

அன்று அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் பொற்கொடி, வயது முப்பத்தாறு. அவளிடம் கற்கும் திருமேனி, வயது ஐம்பத்தெட்டு. ரத்த வங்கியிலிருந்து வந்த இக்னேஷியஸ், வயது கேட்கவில்லை. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், மூன்று டம்ளர் டீ, வாயகன்ற ஒரு கண்ணாடிப் புட்டி.

அந்தக் கம்ப்யூட்டருக்கான இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து திருமேனியே எழுதியிருந்தார். மூன்று வருட உழைப்பு. எழுதிய மொழி காவல் உள்ள மொழி. ஒன்றுக்கென ஒதுக்கிய நினைவகத்தில் இன்னொன்று புகுந்து கெடுக்க அது விடாது. ஆனால் வெளிக்கருவிகளோடு பேசும் சில இடங்களில் காவலை நிறுத்திவிட்டுத்தான் எழுத முடியும். அப்படி ஓர் இடத்துக்கு ஒரு புளியமுத்தைப் புட்டியில் போட வேண்டும். பொற்கொடியின் அறையில் அதுதான் வழக்கம்.

போன வாரம் புட்டியில் நாற்பத்திரண்டு முத்து இருந்தது. அன்று இருந்தது ஒன்று.

ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியில் சூடு ஆறு டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அதுதான் வேலை. வங்கியின் பழைய கம்ப்யூட்டர் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோய், முப்பத்தொரு பை ரத்தம் வீணானது.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர்." திருமேனி ஒரு சீட்டை நீட்டினார். 'ஆபத்து இல்லை' என்று அழகாக எழுதியிருந்தார்.

"நாப்பத்திரண்டு எப்படி ஒண்ணாச்சு அண்ணாச்சி?"

"எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டாந்து வச்சிட்டேன். காவல் நிறுத்துற இடம் இப்ப ஒண்ணே ஒண்ணுதான்."

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் மேடம்," என்றார் இக்னேஷியஸ். "கூட்டச் சொன்னா எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவாங்க."

திருமேனி அவரை முறைத்தார்.

பொற்கொடி கேட்டாள். "வங்கித் தெர்மாமீட்டர் கொண்டுவந்தீங்களா? மாட்டுங்க."

அறையில் அதுவரை சோதித்தது வேறு கம்பெனி தெர்மாமீட்டர். இக்னேஷியஸ் தன்னுடையதை மாட்டினார். அறைச் சூடே ஆறு டிகிரிக்கு எவ்வளவோ மேல், ஆனால் மணி அடிக்கவில்லை. எடுத்து டீக்குள் விட்டார். திரையில் அறுபத்தெட்டு டிகிரி. பக்கத்தில், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு.

"அண்ணாச்சி, இங்க டீ கொதிக்குது. உங்க மணி நல்லாத் தூங்குது," என்றார் இக்னேஷியஸ்.

திருமேனி ஐம்பது நிமிடம் தேடினார். காவலை நிறுத்திய அந்த ஒரே இடத்துக்குள், தெர்மாமீட்டர் செய்திக்கு அவர் ஒதுக்கியிருந்தது பதினாறு எழுத்து. இந்தத் தெர்மாமீட்டர் அனுப்பியது இருபத்திநாலு. மிஞ்சிய எட்டும், பக்கத்தில் வைத்திருந்த 'ஆறு டிகிரி' என்ற எல்லையின்மேல் போய் விழுந்திருந்தன. ஆறு, ஆறாயிரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"காவல் உள்ள மொழியாச்சே டீச்சர். எப்படிக் கோட்டை விட்டுது?"

"எடுத்த முத்தெல்லாம் எங்க?"

"டிராயர்ல."

பொற்கொடி நாற்பத்தொன்றையும் எடுத்தாள். புட்டியில் இருந்ததையும் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து புட்டிக்குள் போட்டாள்.

"எத்தனை இருக்கு?"

திருமேனி முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். நாற்பத்திரண்டு. பிறகு தெர்மாமீட்டர் இடத்தை, செய்தியின் நீளத்தை மொழியே அளந்து பார்க்கும்படி மாற்றி எழுதினார். நீளம் கூடினால் ஏற்காது, மணி அடிக்கும். அந்த இடத்தில் இனி காவலை நிறுத்தத் தேவையில்லை. ஒரு முத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

தெர்மாமீட்டரை மாட்டியதும் மணி அலறியது. இக்னேஷியஸ் காதைப் பொத்திக்கொண்டார். திருமேனி தன் சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

"அப்ப பழசே இருக்கட்டுமா மேடம்?"

"ரெண்டும் மூணு மாசம் பக்கத்துப் பக்கத்துல ஓடட்டும்."

"பழசுல எத்தனை முத்து தேறும்?"

"அதை எழுதின மொழிக்குக் காவலே கிடையாது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரி. எது எப்ப கவிழ்க்கும்னு எண்ணிச் சொல்ல ஆள் இல்ல."

"இதுல?"

பொற்கொடி ஒரு வெள்ளைச் சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மேலே இடம் விட்டிருந்தாள். சீட்டையும் பேனாவையும் திருமேனியிடம் தள்ளினாள்.

"அண்ணாச்சி சொல்வாரு."

திருமேனி புட்டியில் இருந்த முத்துகளை இன்னொரு முறை எண்ணிவிட்டு எழுதினார்: மீதி 41.