கெளுத்தி குடித்த காற்று

மீனும் மனிதரும் மனசுவிட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றோரத்துக் குடிசை ஒன்றில் மருதாயி என்பவள் தன் கணவன் சடையனோடு வாழ்ந்துவந்தாள். ஒரு வருடம் மழையே இல்லை. ஆறு வற்றிப்போய், ஒரே ஒரு பாறைக்குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு கைப்பிடி சின்னக் கெளுத்திகள் தத்தளித்தன.

"அக்கா, இந்த ஆத்துல எங்க இனத்துல மிச்சம் நாங்கதான். எங்களைக் கொண்டுபோய் வெச்சுக்க" என்றன.

மருதாயி அவற்றைக் குடத்தில் அள்ளிவந்து முற்றத்துக் கல்தொட்டியில் விட்டாள். யாரையும் கடிக்கத் தெரியாத சாதுவான மீன்கள். அடியில் கிடந்த சரளைக்கல் மீசையைக் கீறுகிறது என்று ஒன்று முனகியதும், கல்லை வாரிக் கொட்டிவிட்டு ஆற்றுமணலைச் சலித்துப் பரப்பினாள். அப்போதெல்லாம் கெளுத்திகள் கூடி வாழ்வதில்லை. ஆளுக்கொரு மூலையில் பயந்து ஒண்டிக் கிடந்தன.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் சூடாகிக் கலங்கியது. மீன்களின் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மருதாயிக்கு அடுப்பு வேலை ஓடவில்லை. உலையை வைத்துவிட்டு ஓடிவருவாள். ஒன்று அசையாமல் கிடந்தால், அது அசையும்வரை இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"ஏங்க, ஒரு குடம் புதுத்தண்ணி ஊத்துவோமா?"

"ஆத்து ஊத்துல சுரக்குறது நம்ம நாக்கை நனைக்கவே பத்தல, புள்ள" என்றான் சடையன். ஆனாலும் மனசு கேட்காமல், தொட்டியின் ஒரு பக்கம் ஓலை சாய்த்து நிழல் செய்தான்.

அது போதவில்லை. "மூச்சு முட்டுது, அக்கா!"

"வெளியில இவ்வளவு காத்து கிடக்கே! நாங்க அதைக் குடிச்சுத்தானே உயிரோட இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மருதாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். காற்றைக் குடித்து இவை செத்துவிட்டால்? "வேண்டாம், வேண்டாம். நான் ஏதோ உளறிட்டேன்."

"காத்தைக் குடிச்சா செத்துருவோம்னு எங்கம்மா சொல்லியிருக்கா" என்றது ஒன்று. "முருங்கைக் கிளையில மீன்கொத்தி வேற உக்காந்திருக்கு" என்றது இன்னொன்று.

எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த கெளுத்தி சொன்னது: "இங்கயே கிடந்தாலும் சாகத்தானே போறோம்? நான் போய்ப் பாக்குறேன். நீங்க எல்லாரும் ஒண்ணா நில்லுங்க. திரும்பி வரும்போது யாருமே இல்லைன்னா எனக்குப் பயமா இருக்கும்."

முதல் தடவையாக மற்றக் கெளுத்திகள் மூலையை விட்டு வந்து, உடம்போடு உடம்பு உரச நின்றன. சின்னது விருட்டென்று மேலேறி வாயைத் திறந்தது. அதே கணம் மீன்கொத்தி பாய்ந்தது. மருதாயி அலறிக்கொண்டு கையைக் குறுக்கே நீட்ட, அலகு அவள் புறங்கையைக் கிழித்தது. பறவை பறந்துவிட்டது. சின்னக் கெளுத்தியோ தொட்டியின் அடிமணலில் விழுந்து, ஒருச்சாய்ந்து அப்படியே கிடந்தது.

"கொன்னுட்டேனே! என் வாயாலயே கொன்னுட்டேனே!" ரத்தம் வழிவதுகூடத் தெரியாமல் அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மற்றக் கெளுத்திகள் அதைச் சூழ்ந்து மீசையால் வருடின. வருடிக்கொண்டே இருந்தன. ஒரு சிறு குமிழி எழுந்தது. சின்னது கண்ணை ஒரு முறை உருட்டியது.

"வயிறெல்லாம் குளுகுளுன்னு இருக்கு" என்றது.

பிறகு ஒவ்வொன்றாக மேலே பாய்ந்து, ஒரு வாய்க் காற்றோடு கூட்டத்துக்கே திரும்பின. மழை வரும்வரை அப்படித்தான் உயிர் பிழைத்தன. ஆறு ஓடியதும் மருதாயி அவற்றைக் கொண்டுபோய் விட்டாள். சில மட்டும் அவளை விட்டுப் போகமாட்டோம் என்று தொட்டியிலேயே தங்கிவிட்டன.

ஆற்றிலானாலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலானாலும், சின்னக் கெளுத்திகள் தனியாக இருக்க மறுத்துக் கூட்டமாகவே மணலில் கிடப்பதும், வளர்ப்பவர் நெஞ்சு பதறும்படி திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டுத் தன் சனத்திடம் ஓடிவருவதும் அன்று முதல்தான்.